வெளுத்துச் சுருங்கிய கிராம்பு: கோளாறு சாக்குக்குள் இருந்தது

குமரி மலையில் பறித்த கிராம்பு காய்ந்தபின் ஒரு பகுதி மட்டும் வெளிர்பழுப்பாகச் சுருங்கி, மேலே மாவு பூத்ததுபோல் நின்றது. மணமும் மட்டு. வியாபாரி அதைத் தனியே ஒதுக்கி விலையைக் குறைத்தார்.

ஈரம் போகவில்லை என்று கூடுதலாக வெயிலில் போட்டேன். நொறுங்கியதே தவிர நிறம் திரும்பவில்லை. தார்ப்பாயை விட்டு சிமெண்ட் களத்துக்கு மாற்றியும் அப்படியே. மொட்டு முற்றாததோ என்று, பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறியதை மட்டும் பறித்தும் பயனில்லை.

விடை கிடைத்தது, பறித்த பச்சை மொட்டை இரவு கட்டிவைத்த சாக்கில் காலையில் கை விட்டபோது. ஓரம் குளிர்ச்சி, நடுவில் கதகதப்பு. அந்த நடுச்சாக்கு மொட்டைத் தனியே காயவைத்தேன்; வெளுத்தது அதுதான். குவியலின் சூட்டில் மொட்டு புளித்துவிடுகிறது, பிறகு எந்த வெயிலாலும் சரியாகாது.

இப்போது பறித்த அன்று மாலையே சாக்கைக் கொட்டி, கொத்தை உள்ளங்கையில் அழுத்தித் திருகி மொட்டையும் காம்பையும் பிரித்துவிடுகிறோம். இரவு கூரைக்குக் கீழே பாயில் ஒற்றை அடுக்காகப் பரப்பல். காலையில் வெயில், அவ்வப்போது கிளறல், மாலையில் மூடல். நல்ல வெயிலில் 4, 5 நாள் போதும். 3 கிலோ பச்சை மொட்டு ஏறக்குறைய 1 கிலோவாகும். மொட்டின் அடியில் உள்ள காம்புபோன்ற பகுதி கரும்பழுப்பாகி, ஒடித்தால் 'டக்'கென்று முறியவேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில். மழை மூடிய நாளில் பறிப்பையே தள்ளிப்போடலாம், ஆனால் மொட்டு விரியுமுன் எடுத்துவிட வேண்டும்.