மலையக வீட்டு வாசலை ஒழுங்குபடுத்துவது எப்படி: ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம்

மழைக்காலத்தில் இலங்கை மலையகத்தில் எங்கள் பகுதி வீடுகளின் வாசல்களைப் பார்த்தாலே அங்கே யார் யார் இருக்கிறார்கள், எங்கே போய் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். கொழுந்துக் கூடை, சேறு அப்பிய கம்பூட்ஸ் எனும் ரப்பர் சப்பாத்து, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் நனைந்த படங்கு, பள்ளிக்கூடப் பை, கம்பி ஒடிந்தும் தூக்கி எறிய மனம் வராத குடை எல்லாம் ஒரே மூலையில் கிடக்கும். அவசரத்துக்குச் சாவியைத் தேடினால் கையில் சகதிதான் ஒட்டும்.

இணையத்தில் காட்டும் அழகான வாசல்களை மறந்துவிடுங்கள். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அப்படிப்பட்ட ஊரில் கதவு வைத்த சப்பாத்து அலுமாரி வாங்குவது பூஞ்சணம் வளர்க்கப் பெட்டி வாங்குவது போலத்தான். நமக்கு விதி ஒன்றே ஒன்று: நனைந்ததும் காய்ந்ததும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கீழே சொல்லும் வேலையெல்லாம் அதற்காகத்தான்.

1. எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

வெயில் காயும் ஒரு நாளாகப் பார்த்து, வாசலில் கிடப்பதை முற்றத்தில் பரப்புங்கள். தினமும் நனைந்து வருபவை, தினமும் தேவைப்பட்டாலும் நனையக்கூடாதவை, வாசலில் இருக்கவே வேண்டாதவை என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான் மலையாகக் குவியும். மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் பூச்சிமருந்துப் போத்தலை வாசல் மூலையில் வைக்கும் பழக்கத்தையும் அன்றே நிறுத்திவிடுங்கள். அது சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

2. ஈரத்துக்கு இடம் பாருங்கள்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றோடு மழை வரும். பதுளை, பசறை பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த நாட்களில் இஸ்தோப்பின், அதாவது முன் விறாந்தையின், எந்த முனை நனைகிறது என்று பாருங்கள். சாரல் படாத, ஆனால் காற்று ஓடும் மறுமுனைதான் ஈரப்பொருட்களுக்கு உரியது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பலர் இஸ்தோப்பை அடைத்து அறையாக்கிவிட்டார்கள். அங்கே கூரைத் தாழ்வாரத்தின் கீழ், சுவரோரத்தில் ஒரு தறப்பாளைச் சரிவாகக் கட்டினால் போதும். உள்ளே இடம் தேட வேண்டாம். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா அறையில் அதற்கு எங்கே இடம்?

3. கொக்கிப் பலகை

செலவு குறைவு, பயன் அதிகம். அதனால் இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

4 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள பலகை ஒன்றை மர ஆலையில் வாங்குங்கள். நீளம் உங்கள் சுவரைப் பொறுத்தது. இழைத்து, எல்லாப் பக்கமும் பெயின்ட் அடியுங்கள். வெட்டிய இரண்டு முனைகளுக்கும் இரட்டைப் பூச்சு வேண்டும், ஏனென்றால் மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான்.

பழைய லயச் சுவர்களில் கல்லுக்கு இடையே மண் சாந்து இருக்கும். ஆணி அடித்தால் பூச்சுதான் பொலபொலவென்று உதிரும். ஆகவே சாந்தில் துளைக்காமல், தட்டிப் பார்த்துக் கெட்டியான கல்லிருக்கும் இடத்தில் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, 2 அங்குல ஸ்குரூ ஆணியால் பலகையை இறுக்குங்கள். துளையும் பிளக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். துளைக்கும் கருவி இல்லையென்றால் மரத் தூணிலோ கதவு நிலையிலோ பொருத்துவதே நல்லது.

கொக்கிகளை 8 அங்குல இடைவெளியில் வையுங்கள். நெருக்கினால் ரெயின்கோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காயவே காயாது. பெரியவர்களுக்குத் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரம் சரி. பிள்ளைகளுக்கு 3 அடியில் தனிப் பலகை அடியுங்கள். கைக்கு எட்டினால் அவர்களே மாட்டுவார்கள், எட்டாவிட்டால் தரைதான் கொக்கி. வெறும் இரும்பு ஆணி மட்டும் வேண்டாம். துருவேறிய ஆணியில் வெள்ளைப் பள்ளிச் சீருடையை ஒரு நாள் மாட்டினால், தோள்பட்டையில் விழும் செங்கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. துருப்பிடிக்காத உலோகமோ மரமுளையோ பயன்படுத்துங்கள்.

4. செருப்பும் கம்பூட்ஸும்

தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்தி, 1 அங்குல இடைவெளி விட்டு ரீப்பைகளை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, அடித்தால் தட்டு தயார். சேறு கீழே விழும், காற்று மேலே வரும். அருகே இரண்டடி உயரக் கம்புகளை ஊன்றி கம்பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். காலையில் உள்ளே ஈரமும் இருக்காது, பூச்சியும் புகுந்திருக்காது.

நனைந்த பள்ளிச் சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைத் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஊறிவிடும், மாற்றுங்கள். அடுப்பருகே வைத்துக் காய்ச்சும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சூட்டில் பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளந்துவிடும்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி உள்ள தோட்டங்களில் படங்கையும் கூடையையும் வாசலுக்கு வெளியே உதறிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். தட்டைச் சுற்றி உப்புத் தூவச் சிலர் சொல்வார்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தரையை நசநசவென்று ஆக்குவதோடு ஆணிகளையும் அரிக்கும், வேண்டாம்.

5. குடை

4 அங்குல பிவிசி குழாயை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, கூழாங்கல் பரப்பிய பழைய பேசினில் நிறுத்துங்கள். சொட்டும் நீர் கல்லுக்கடியில் தங்கும். மடக்கிக் கட்டிய ஈரக்குடையை மட்டும் வைக்காதீர்கள். பாதி விரித்துக் காயவிட்ட பிறகே அதற்கு இடம்.

6. காய்ந்த பக்கம்

இது கதவுக்கு உட்புறம். சாவி, டோர்ச், பஸ்ஸுக்கான சில்லறை, அடையாள அட்டை, கிளினிக் அட்டை ஆகிய ஐந்துக்கும் மூடியுள்ள பிஸ்கட் டின் போதும். அடியில் துணியில் கட்டிய கரித்துண்டு ஒன்றை வைத்தால் காகிதம் நசநசக்காது. காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் போன்றவை இங்கே வேண்டாம், அவற்றின் இடம் அலுமாரிதான்.

பள்ளிப் பைகளை உள்சுவரில் மாட்டுங்கள். அப்பாயியின் கைத்தடிக்குக் கதவருகே தனிக்கொக்கி, அதில் வேறு எதையும் தொங்கவிட வேண்டாம். விருந்தாளிகளுக்கும் ஒன்று காலியாக இருக்கட்டும். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளின் பைகளுக்கு மட்டும் எந்த வாசலும் போதாது. அவற்றை நேரே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள்.