ஒரே கேட், மூன்று பள்ளிகள்: ஆல்-த்ரூ பள்ளியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன அக்டோபரில் வடமேற்கு லண்டனில் ஒரு பள்ளியின் ஓப்பன் ஈவினிங்குக்குப் போயிருந்தேன். கேட்டுக்கு வெளியே கம்பியில் கட்டியிருந்த பேனரில் பெரிதாக ஒரே ஒரு எண்: 82%. கீழே சின்ன எழுத்தில், ‘ஆங்கிலமும் கணிதமும், கிரேடு 9 முதல் 4 வரை’. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அதைப் போட்டோ எடுத்து உடனே வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பினார். அவர் இடுப்பில் உட்கார்ந்திருந்த பையனுக்கு மூன்றரை வயது இருக்கும்.

அந்த 82% பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதிய ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வின் எண். பையன் சேரப்போவதோ நான்கு வயதில் தொடங்கும் ரிசெப்ஷன் வகுப்பில். 2026 செப்டம்பரில் ரிசெப்ஷன் சேரும் குழந்தை ஜிசிஎஸ்இ எழுதுவது 2038 கோடையில்.

இங்கிலாந்தில் நர்சரி அல்லது ரிசெப்ஷனிலிருந்து 16, 18 வயது வரை ஒரே பள்ளியாக நடத்தும் அரசுப் பள்ளிகளைத்தான் ஆல்-த்ரூ என்கிறார்கள். ஒரே பெயர், ஒரே தலைமை, பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிடமிருந்து ஒரே அறிக்கை. உள்ளே பார்த்தால் ஒரு பிரைமரி (ரிசெப்ஷன் முதல் இயர் 6 வரை), ஒரு செகண்டரி (இயர் 7 முதல் 11 வரை), ஒரு சிக்ஸ்த் ஃபார்ம் (இயர் 12, 13). ஒன்று நன்றாக ஓட, இன்னொன்று தள்ளாடலாம். ஆகவே எந்த எண்ணைக் காட்டினாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘இது எந்தப் பிள்ளைகளுடைய எண்?’ என்பதுதான். நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருகிறது.

மேல் வகுப்பின் ரிசல்ட்டைக் கீழ் வகுப்புக்குப் பொருத்துவது

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிசெப்ஷனில் 60 இடம், இயர் 7-இல் மொத்தம் 240 பேர் என்று வைத்துக்கொள்வோம். இயர் 6 முடித்த அந்த 60 பேரும் அப்படியே மேலே போனால்கூட, மீதி 180 பேர் சுற்றுவட்டாரத்தின் வேறு பிரைமரிகளிலிருந்து வந்தவர்கள். ஆக இயர் 11 ரிசல்ட்டில் அதிகபட்சம் கால்வாசிதான் இந்தப் பள்ளியின் பிரைமரியில் படித்த பிள்ளைகளுடையது. ‘சின்ன வயதிலிருந்தே இங்கே படித்தால் இப்படி வரும்’ என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. பல ஆல்-த்ரூ பள்ளிகள் முதலில் செகண்டரியாக இருந்து, பின்னால் பிரைமரியைச் சேர்த்துக்கொண்டவை. பிரைமரி தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகவில்லை என்றால், ரிசெப்ஷனில் நுழைந்து இயர் 11 முடித்த ஒரு பிள்ளைகூட அங்கே இன்னும் கிடையாது. ஓப்பன் ஈவினிங்கில் இதை நேரடியாகக் கேளுங்கள்: ‘ரிசெப்ஷனில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இதுவரை ஜிசிஎஸ்இ எழுதியிருக்கிறார்கள்? அவர்கள் ரிசல்ட் தனியாக உண்டா?’ கேள்வியைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கே பாதிப் பதில்.

4-க்கும் 5-க்கும் நடுவில்

பேனர் எண்ணில் அடுத்துப் பார்க்க வேண்டியது கிரேடு. 9-தான் உச்சம். 4 என்பது சாதாரண பாஸ், 5 என்பது ஸ்ட்ராங் பாஸ். அரசின் பட்டியலில் முன்னால் நிற்பது 5-ஐ வைத்த கணக்கு. ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் 5 அல்லது அதற்கு மேல் வாங்குகிறவர்கள் நாடு முழுக்கப் பார்த்தால் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. 4-ஐ வைத்துக் கணக்கிட்டால் எந்தப் பள்ளியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பேனர் பொய் சொல்லவில்லை, வசதியான கோணத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பள்ளியின் 4-ஐ இன்னொரு பள்ளியின் 5-உடன் ஒப்பிட்டுவிடாதீர்கள். நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இது வாரம் ஒருமுறை நடக்கிறது.

ப்ரோக்ரெஸ் 8-ஐப் பழைய நினைவில் வைத்துக்கொண்டு பேசுவது

அட்டெய்ன்மென்ட் 8 என்பது எட்டுப் பாடங்களில் வாங்கிய கிரேடுகளின் கூட்டுத்தொகை. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் இரட்டை மதிப்பு, முழு மதிப்பெண் 90. நாட்டின் சராசரி 46-ஐ ஒட்டி இருக்கிறது. இது பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்லும். எங்கிருந்து கிளம்பினார்கள் என்று சொல்லாது.

அதற்காகத்தான் 2016-இல் ப்ரோக்ரெஸ் 8 வந்தது. இயர் 6-இல் இதே அளவு மதிப்பெண் வாங்கிய நாட்டின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் முன்னே இருக்கிறார்களா, பின்னே இருக்கிறார்களா என்பது அதன் கணக்கு. பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் சராசரி. +0.5 என்றால் ஒவ்வொரு பாடத்திலும் சுமாராக அரை கிரேடு கூடுதல். பள்ளிகளை எடைபோட இருப்பதில் உருப்படியான அளவுகோல் இதுதான் என்பது என் எண்ணம். சிக்கல் என்னவென்றால், 2024-25, 2025-26 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளுக்கும் அது கிடையாது. கோவிட் காரணமாக 2020-லும் 2021-லும் இயர் 6 தேர்வு நடக்கவில்லை. தொடக்கப் புள்ளி இல்லாமல் தூரத்தை அளப்பது எப்படி?

அப்படியானால் அந்த இரண்டு வருடங்களின் ரிசல்ட்டைக் காட்டி ‘எங்கள் ப்ரோக்ரெஸ்’ என்று ஒரு பள்ளி சொன்னால், அது 2024 கோடையின் பழைய எண்ணாக இருக்கும், இல்லையென்றால் பள்ளி தானே போட்ட கணக்காக இருக்கும். இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 எண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில், அந்த எண் எதற்குள் இருக்கலாம் என்று காட்டும் மேல் எல்லை, கீழ் எல்லையையும் பாருங்கள். ஒரு பள்ளி 0.21, இன்னொன்று 0.34 என்றால், எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும்போது அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. அதற்காக வீடு மாறுகிறவர்களை எனக்குத் தெரியும்.

நம்மவர்கள் பெரும்பாலும் பேசாத ஒன்று இருக்கிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளின் ப்ரோக்ரெஸ் 8, ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளுடையதைவிடச் சராசரியாக அதிகம். அதோடு சனிக்கிழமை டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டியூஷன். ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ ஒரு பள்ளியின் எண் உயர்ந்திருந்தால், அதில் எவ்வளவு வகுப்பறையில் விளைந்தது, எவ்வளவு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல எந்த அட்டவணையும் இல்லை. டியூஷன் அனுப்பும் உத்தேசம் உங்களுக்கு இல்லையென்றால், வழிகாட்டியாக வரும் மாணவர்களிடம் ‘உன் கிளாஸில் எத்தனை பேர் டியூஷன் போகிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் மறைக்க மாட்டார்கள்.

60 பேரின் சதவீதத்தைக் கண்டு பயப்படுவது

பிரைமரிப் பக்கம் பார்த்தால், இயர் 6 சாட்ஸ் தேர்வில் ஒவ்வொரு பாடத்துக்கும் 80 முதல் 120 வரை ஸ்கேல்டு ஸ்கோர். 100 வாங்கினால் எதிர்பார்த்த தரம், 110 என்றால் உயர்தரம். வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் நாடு முழுக்க 2025-இல் 62%. எழுத்துக்குத் தேர்வு கிடையாது, ஆசிரியரே மதிப்பிடுகிறார்.

பள்ளி பெரிதாக இருக்கலாம், அதன் இயர் 6 சின்னது. 60 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் எடை 1.7%. போன வருடம் 75%, இந்த வருடம் 65% என்றதும் ‘பள்ளி விழுந்துவிட்டது’ என்று பதறுகிறோம். அந்த 10% என்பது ஆறு பிள்ளைகள். ஒரு கோடைக்காலத்தில் நான்கு குடும்பம் வீடு மாறி, ஆங்கிலம் அதிகம் தெரியாத சிலர் நடுவில் வந்து சேர்ந்தாலே போதும். மூன்று வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

ஆஃப்ஸ்டெட்டின் தேதியைப் பார்க்காமல் விடுவது

இதில் சறுக்கியவன் நான். மூத்தவளுக்காக ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வீடு மாறினோம். இரண்டாவது வருடம்தான் அறிக்கையைத் திறந்து தேதியைப் பார்த்தேன். பத்து வருடப் பழசு. தலைமையாசிரியர் அதற்குள் இரண்டு முறை மாறியிருந்தார். 2012 முதல் 2020 வரை, அந்தப் பட்டம் வாங்கிய பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லே இல்லை. 2024 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். 2025 நவம்பர் முதல் ரிப்போர்ட் கார்டு முறை: பாடத்திட்டமும் கற்பித்தலும், அடைவு, வருகையும் நடத்தையும், எல்லாரையும் அரவணைத்தல், தலைமை முதலியவை ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் தனித்தனி மதிப்பு. ஆகவே ‘பக்கத்துப் பள்ளி அவுட்ஸ்டாண்டிங், இது வெறும் எதிர்பார்த்த தரம்’ என்று ஒப்பிடுவது பழைய காசையும் புதுக் காசையும் ஒரே தட்டில் போட்டு எண்ணுவது போல. அளவுகோலே வேறு.

ஆல்-த்ரூ பள்ளிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ரிசெப்ஷன் வரையிலான ஆரம்ப வருடங்களுக்கும் சிக்ஸ்த் ஃபார்முக்கும் தனி மதிப்பு கொடுப்பார்கள். நடுவில் இயர் 1 முதல் இயர் 11 வரை, பதினொரு வகுப்புகளும் ஒரே மதிப்புக்குள் அடங்கிவிடும். பிரைமரி நன்றாக இருந்து இயர் 8, 9-இல் ஒழுங்கு குலைந்திருந்தாலும் அட்டையின் நிறத்தில் அது தெரியாது. கீழே உள்ள பத்திகளைத்தான் படிக்க வேண்டும். ‘செகண்டரிப் பிரிவில்’, ‘சில மாணவர்கள்’ என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள். பள்ளியின் உண்மை நிலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வராதவர்களை எண்ணாமல் விடுவது

எனக்குப் பிடித்த கணக்கு இதுதான், இரண்டு நிமிட வேலை. ‘கம்பேர் ஸ்கூல் அண்ட் காலேஜ் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற அரசு இணையதளத்தில், ஜிசிஎஸ்இ ரிசல்ட்டுடன் எத்தனை மாணவர்கள் கணக்கில் வந்தார்கள் என்ற எண்ணும் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் இயர் 7-இல் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பதோடு அதை வைத்துப் பாருங்கள். 240 பேர் நுழைந்து 236 பேர் எழுதியிருந்தால் சரி. 205 என்றால் அந்த 35 பேர் எங்கே?

லண்டனில் குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியூர் போவது சகஜம், அதனால் எண் குறைந்தாலே குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரிசல்ட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்று சில பிள்ளைகளை மெல்ல வெளியே தள்ளுவதற்கு ஆஃப்-ரோலிங் என்று பெயர், ஆஃப்ஸ்டெட்டே அதற்கு வரையறை வைத்திருக்கிறது. கேட்பதில் தப்பில்லை. நேர்மையான பள்ளி கையில் பதில் வைத்திருக்கும்.

சிக்ஸ்த் ஃபார்முக்கும் இதே கண்ணோட்டம்தான். இயர் 13 முடிவில் எழுதும் ஏ-லெவல் தேர்வின் சராசரி ‘பி’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். இயர் 12-இல் தொடங்கி முடிக்கும்வரை எத்தனை பேர் நின்றார்கள், இயர் 11-லிருந்து எத்தனை பேரை உள்ளே எடுத்தார்கள் என்று கேளுங்கள். வாசலில் வடிகட்டினால் உள்ளே சராசரி உயரத்தானே செய்யும்.

‘உள்ளே நுழைந்துவிட்டால் கடைசிவரை கவலையில்லை’ என்று நம்புவது

பாதி உண்மை. ரிசெப்ஷனில் இடம் கிடைத்துவிட்டால், பொதுவாக இயர் 7-க்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளியின் நர்சரியில் படிப்பது ரிசெப்ஷன் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஜனவரி 15-க்குள் உங்கள் பகுதியின் கவுன்சிலுக்கு (உள்ளாட்சிக்கு) தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ‘அவன் இங்கேதானே படிக்கிறான்’ என்று இருந்துவிட்டு, யாருக்கு எங்கே இடம் என்று அறிவிக்கும் ஏப்ரல் 16-ஆம் தேதி அழுத குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். மறுமுனையில் சிக்ஸ்த் ஃபார்முக்குக் கிரேடு நிபந்தனை இருக்கும். உள்ளே படித்தவர்களுக்கும் வெளியிலிருந்து வருபவர்களுக்கும் அது ஒன்றேதான்.

இயர் 6-இல் கிராமர் ஸ்கூலுக்கும் (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) முயற்சி செய்ய நினைக்கிறீர்களா? இயர் 7 விண்ணப்பத்தின் கடைசி நாளான அக்டோபர் 31-க்குள் வேறு பள்ளிகளை எழுதிக் கொடுத்து அதில் ஒன்று கிடைத்துவிட்டால், இப்போதைய பள்ளியின் இடம் என்ன ஆகும் என்று கவுன்சிலிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் கேட்டது கணக்கில் வராது.

விளக்குப் போட்ட மாலையில் மட்டும் பார்ப்பது

ஓப்பன் ஈவினிங்கில் எல்லாப் பள்ளியும் அழகுதான். சயின்ஸ் லேபில் கலர் புகை, ஹாலில் வயலின். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வரலாமா என்று கேளுங்கள். நான்கு வயதும் பதினாறு வயதும் ஒரே வளாகத்தில் இருக்கும்போது சாப்பாட்டு நேரம், விளையாட்டு இடம், டாய்லெட் எல்லாம் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பாருங்கள்.

அப்புறம், நான் எந்த ஆல்-த்ரூ பள்ளிக்குப் போனாலும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. இயர் 7-இல் முப்பது பிரைமரிகளிலிருந்து 180 புதியவர்கள் வருகிறார்கள். ஏற்கெனவே இங்கேயே படித்த 60 பேருக்கு அந்த வருடம் என்ன நடக்கிறது? தெரிந்ததையே மறுபடி படிக்கிறார்களா, மேலே போகிறார்களா? அந்த அக்டோபர் மாலையில் துணைத் தலைமையாசிரியர் ‘எல்லாருக்கும் ஏற்ற மாதிரி’ என்று நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்தில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற இயர் 9 பெண்ணிடம் திரும்பி அதையே கேட்டேன். ரிசெப்ஷனிலிருந்து இங்கேதான் படிக்கிறாளாம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: ‘கணக்கில் கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பின் வரிசைச் சீட்டில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன்.’