பார்க் கவுண்டி மரப்பாலங்களில் கேச் தேடுவது எப்படி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பார்க் கவுண்டியில் கூரை போட்ட பழைய மரப்பாலங்கள் 31 இருக்கின்றன. யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் துணையோடு தேடிப்பிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேச்சிங். அதைப் பழக எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கிளம்பும் முன் வீட்டிலேயே மேப்பையும் கேச் விவரங்களையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். சோளக்காட்டு நடுவே சரளை ரோட்டில் சிக்னலை நம்ப முடியாது. பேனா, கையுறை, டார்ச் மூன்றும் போதும். காரைப் பாலத்துக்கு முன்பே ஓரங்கட்டுங்கள், ஆனால் டிராக்டர் வயலுக்குள் இறங்கும் வழியில் மட்டும் வேண்டாம்.

ஜிபிஎஸ் எப்படியும் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். கூரைக்கடியில் போனால் இன்னும் தடுமாறும். அதனால் அம்புக்குறி பாலத்தின் நடுவைக் காட்டினாலும் உள்ளே போய்ப் பலகைகளை நெம்பாதீர்கள். முதலில் வெளியே பாருங்கள்: சாலையோர இரும்புத் தடுப்பின் பின்பக்கம், எச்சரிக்கைப் பலகையின் கம்பம், மரத்தடிப் பொந்து. தடுப்பில் எல்லா போல்ட்டும் துருவேறிக் கிடக்க, ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். காந்தம் வைத்த குட்டி டப்பாவாக இருக்கலாம். வரவில்லையா, அது நிஜ போல்ட். விட்டுவிடுங்கள்.

பல கட்டமாகத் தேடும் மல்ட்டி கேச் என்றால் பாலத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். கட்டியவர் பெயரும் ஆண்டும் அங்கே எழுதியிருக்கும், அடுத்த இடத்துக்கான எண் அதிலிருந்தே வரலாம். ஜே.ஜே. டேனியல்ஸ் 1861-இல் கட்டிய ஜாக்சன் பாலத்துக்குப் போனால் அவசரப்படாதீர்கள். 200 அடிக்கு மேல் நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. பக்கவாட்டில் வளைந்து போகும் மர வில்தான் பாரத்தைத் தாங்குகிறது. டார்ச் அடித்து அதை ஒரு முறை முழுக்கப் பாருங்கள்.

யாராவது வண்டியை நிறுத்தி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள், போனையும் காட்டுங்கள். 1868-இல் கட்டிய பிரிட்ஜ்டன் பாலம் 2005-இல் யாரோ வைத்த தீயில் எரிந்துபோனது. அடுத்த ஆண்டே புதிதாகக் கட்டிவிட்டார்கள் என்றாலும், பாலத்தைச் சுற்றி வருகிறவர்களை ஊர்க்காரர்கள் கவனிப்பது நியாயம்தான்.

கரையில் இறங்கும்போது மூன்று மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொடாதீர்கள்; பாய்ஸன் ஐவி, பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். திரும்பியதும் கணுக்காலில் உண்ணி ஏறியிருக்கிறதா பாருங்கள்.

கேச் கிடைத்ததும் உள்ளே இருக்கும் காகிதத்தில் உங்கள் பெயரும் தேதியும் எழுதி, மூடியை இறுக்கி, எடுத்த இடத்திலேயே வையுங்கள். அக்டோபரில் இரண்டாவது வெள்ளி தொடங்கிப் பத்து நாள் பாலத் திருவிழா நடக்கும். அந்தக் கூட்டத்தில் ஒளிந்து தேடவே முடியாது. ஏப்ரலில் போங்கள், புதரில் இலை அடர்ந்திருக்காது.