பழைய ரோடு சைக்கிளுக்கு மாற்று ரிம் தேடுவது எப்படி?

1970களில் விற்ற பெஜோ யூஓ-8, ஷ்வின் வார்சிட்டி போன்ற பத்து கியர் ரோடு சைக்கிள்கள் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு ரிம்முடன் வந்தவை. மழையில் அந்த ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதாலோ, துரு உள்ளே இறங்கிவிட்டதாலோ, அலுமினிய ரிம்முக்கு மாற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சக்கரம் பின்னுவதும் கோட்டம் எடுப்பதும் தனிப்பாடம் என்பதால் அவற்றை இங்கே தொடவில்லை.

முதல் வேலை, அளவை உறுதிசெய்வது. இதில் அங்குலக் கணக்கை நம்பக் கூடாது. 27 அங்குல ரிம்மில் டயரின் விளிம்புக் கம்பி உட்காரும் இடத்தின் விட்டம் 630 மி.மீ.; இன்றைய 700சி ரிம்மில் 622 மி.மீ. ஆனால் இந்த 622 டயர்கள் பலவற்றில் 28 அங்குலம் என்று அச்சிட்டிருக்கும், அதாவது பெயரில் பெரியது அளவில் சிறியது. நம் ஊர்க் கடையில் 28 × 1½ என்று கேட்டால் வருவதோ, பழைய கறுப்பு சைக்கிளுக்கான 635 மி.மீ. ரிம். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இவற்றுக்குள் வித்தியாசம் எளிதில் தெரியாது. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஒழுங்காக உட்காரவும் உட்காராது.

பழைய டயர் இருந்தால் அதன் பக்கவாட்டில் 32-630 என்பதுபோல் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள்; அதில் பின்னால் வருவதுதான் இந்த விட்டம். டயரும் இல்லை, எண்ணும் அழிந்துவிட்டது என்றால், விட்டத்தை நேராக அளக்க முயல்வதைவிடச் சுற்றளவை அளப்பதே நல்லது, ஏனெனில் விட்டத்தில் உள்ள வித்தியாசம் சுற்றளவில் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ரிம் நாடாவைக் கழற்றிவிட்டு, நீளாத மெல்லிய காகிதப் பட்டையை ரிம்மின் உள்ளே சுற்றுங்கள். நடுப் பள்ளத்தில் இறங்காமல், அதை ஒட்டிப் பக்கச் சுவருக்கு அருகே உள்ள படியின் மேல் பட்டை படிந்திருக்க வேண்டும். சுற்று முடியும் இடத்தில் பென்சிலால் குறித்து, பட்டையைப் பிரித்து அளந்தால், 622-க்கு ஏறக்குறைய 1954, 630-க்கு 1979, 635-க்கு 1995 மி.மீ. வரும். நூலால் அளக்காதீர்கள், இழுத்தால் அது நீளும்.

அடுத்து, 630-லேயே இருப்பதா, 622-க்கு மாறுவதா என்ற கேள்வி. விட்டம் 8 மி.மீ. குறைவதால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையின் நீளத் துளையில் அந்த இடம் மிச்சம் இருந்தால் தாராளமாக மாறலாம், டயர் தேர்வு பல மடங்கு கூடும் என்பதால் என் சிபாரிசும் அதுவே. பழைய தோற்றம் மாறாமல் 630-லேயே தொடர விரும்புவோருக்கு சன் சிஆர்18 நல்ல ரிம்.

துளைகளை எண்ணுங்கள். பிரெஞ்சு, இத்தாலியச் சைக்கிள்களில் முன்னும் பின்னும் பெரும்பாலும் 36. பழைய ஆங்கிலச் சைக்கிள்களிலும் அந்த வழியில் வந்த நம் ஊர்ச் சைக்கிள்களிலும் முன்னே 32, பின்னே 40. 40 துளை அலுமினிய ரிம் அரிதாகத்தான் அகப்படும் என்பதால், பின் ஹப்பையே (சக்கரத்தின் நடுக்குடத்தையே) 36-க்கு மாற்றுவது எளிது.

பழைய ஸ்போக்குகள் புதிய ரிம்முக்குப் பொருந்துமா என்பது நிப்பிள் (ஸ்போக்கின் நுனியை ரிம்மில் பிடிக்கும் சிறு திருகு) உட்காரும் இடத்தின் விட்டத்தைப் பொறுத்தது. எதிரெதிர்த் துளைகளில் நீளம் தெரிந்த இரண்டு ஸ்போக்குகளை நிப்பிளுடன் மாட்டி, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து கூட்டினால் அது கிடைக்கும்; பழைய ரிம் வட்டமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே வேறொரு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள். பழையதற்கும் புதியதற்கும் இரண்டு மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால், புதிய ரிம்மைப் பழையதன் பக்கத்தில் டேப்பால் கட்டி ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றலாம். துருப்பிடித்த ஸ்போக்கை மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

பயன்படுத்திய ரிம் வாங்குகிறவர்கள் பிரேக் உரசும் சுவரில் அளவுகோலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்போக் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சுவரின் உட்பக்க விளிம்பை விரலால் தடவுங்கள்: கொக்கிபோல் உள்நோக்கி வளையாமல் நேராக இருந்தால், அதில் மடிக்கக்கூடிய டயரைப் போட்டு அதிகக் காற்றடிக்கக் கூடாது, டயர் கழன்று தெறித்துவிடும். இத்தாலியின் கையோலேயில் 1997 முதல் நடக்கும் லெரோய்கா என்ற, போட்டியில்லாத பழைய சைக்கிள் சவாரியை ஒட்டிய பழம்பொருள் சந்தையில் இப்படித் தொட்டுப் பார்த்து வாங்க முடியும். இணையத்தில் வாங்குவோர் இந்த மூன்று இடங்களின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பிற்சேர்க்கை: பக்கச் சுவரே இல்லாமல் மேற்பரப்பு குழிவாக இருக்கும் ரிம்மைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அது டயரைப் பசைபோட்டு ஒட்டும் ட்யூபுலர் ரிம். அதை 622 ரிம்மாக மாற்றினால் பிரேக் கட்டையின் இடம் ஏறக்குறைய மாறாது. புதிய ரிம்மின் வால்வு துளையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கான 6.5 மி.மீ. துளையில் நம் ஊர் ட்யூபின் வால்வு நுழையாது.