ஆடும் கல்லின் முதுகைப் பாருங்கள்

வெளித்தளத்தில் பாவிய கல் ஆடத் தொடங்கினால், கொஞ்சம் சிமென்டைக் குழைத்து ஓரத்தில் அப்பிவிடுவதுதான் வழக்கம். நானும் இரண்டு முறை அப்பினேன். மூன்றாம் முறை கடப்பாரையால் நெம்பிப் புரட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. கல்லின் முதுகு கழுவி வைத்தாற்போல் இருந்தது. ஒரு துளி சாந்துகூட ஒட்டவில்லை. கீழே மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என ஐந்து சாந்து உருண்டைகள். இடையில் தேங்கிய நீர். கல் பதித்தவரின் கை வேகத்தை வியந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த வேகத்தின் ரகசியம் இந்த உருண்டைகள்தான்.

ஆகவே பூசி மறைக்கும் முன் புரட்டிப் பாருங்கள். முதுகு சுத்தமாக இருந்தால் பிடிப்பே இல்லை என்று பொருள். சாந்து கல்லோடு வந்து, அடியில் பள்ளம் தெரிந்தால் அடித்தளம் இறங்கியிருக்கிறது. நகத்தால் கீறினாலே சாந்து உதிர்ந்தால் கலவையிலோ, ஈரம் காயாமல் நீராற்றியதிலோ குறை.

அடித்தளம் இறங்கியிருந்தால் சாந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வேரும் மட்கும் கலந்த மேல்மண்ணை அகற்றிவிட்டு, பொடியும் கலந்த உடைகல் ஜல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்குங்கள். நடக்க மட்டும் பயன்படும் தளத்துக்கு இறுகியபின் 100 மி.மீ. கனம் போதும். குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம் குறுக்கே போனால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். முதலில் இறங்குவது அந்த இடம்தான்.

இனி சாந்துப் படுகை. உருண்டை வைத்தால் கல்லைத் தட்டி மட்டம் பார்ப்பது எளிது; அதனால்தான் பலருக்கும் அது பிடிக்கிறது. ஆனால் வெற்றிடத்தின் மேல் கால் பட்டால் மெல்லிய கல் விரிசல் விடுகிறது. தேங்கும் நீர் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. சில கற்களின் முகத்தில் உருண்டைகளின் வட்டமே கறையாகத் தெரியும். கல்லின் அடி முழுவதும் படும்படி 30 முதல் 40 மி.மீ. கனத்தில் சாந்தைப் பரப்புங்கள். பள்ளத்தைச் சாந்தால் நிரப்பாதீர்கள். அது ஜல்லியின் வேலை.

ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு மணல். மணலைக் கண்ணாடிக் குவளையில் நீரோடு குலுக்கிச் சில மணி நேரம் வையுங்கள். மேலே வண்டல் தடிமனாகப் படிந்தால் அந்த மணல் வேண்டாம். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. நீர் மிகுந்தால் காயும்போது சுருங்கிக் கல்லை விட்டு விலகும். இறுகத் தொடங்கிய சாந்தில் நீர் விட்டுத் திரும்பக் குழைப்பதைப் போன்ற கெட்ட சிக்கனம் வேறில்லை.

என் கல் கிரானைட். கிரானைட்டும் போர்சலின் டைல்ஸும் நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. வெறும் சாந்து அவற்றைப் பிடிக்காது. அறுத்த தூசியை முதுகிலிருந்து கழுவிவிட்டு, எஸ்பிஆர் லேடெக்ஸ் என்னும் செயற்கை ரப்பர் பால் கலந்த சிமென்ட் பாலைத் தூரிகையால் தடவி, ஈரம் காயும் முன் பதியுங்கள். காய்ந்தபின் பதித்தால் அந்தப் பூச்சே தடுப்பாகிவிடும். இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் என் தளம் இன்னும் சில ஆண்டுகளாவது தாக்குப்பிடித்திருக்கும்.

நீர் வடியும் வாட்டம் 60-க்கு 1 என்று வீட்டை விட்டு வெளிப்புறம் இருக்கட்டும். அதாவது 3 மீட்டருக்கு 50 மி.மீ. சுவரோரமும், பெரிய தளமானால் நடுநடுவேயும், வெயிலில் கல் விரிய இடம்தரும்படி, நெகிழும் பொருள் நிரப்பிய இணைப்பு விடுங்கள்.

பதிக்கும்போதே பத்துக்கு ஒரு கல்லைத் தூக்கி முதுகில் சாந்து முழுதும் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் யாரையும் மிதிக்க விடாமல், ஈரச் சாக்குப் போர்த்தி ஏழு நாள் காயாமல் காத்து, பின்பு சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டுங்கள். பொக்கென்று ஒலிக்கும் கல்லில் சாக்கட்டியால் குறியிட்டு, இடைவெளிகளைப் பூசும் முன் எடுத்துவிட்டு மறுபடி பதியுங்கள். திரும்பப் பாவியபோது எனக்கு அப்படி இரண்டு கல் அகப்பட்டன; இரண்டுமே மாலையில் அவசரமாக வைத்தவை.