வெளிநாட்டில் ரொயிலற் கேட்க ஒரு வழி

வெளிநாட்டுக் கடையிலோ கோப்பிக்கடையிலோ ரொயிலற் எங்கே என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். உள்ளூர்க்காரர் யாராவது கேட்கும்போது காதைக் கொடுத்து, அதே சொல்லை அதே ஓசையில் நீங்களும் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு மூன்று நாடு சுற்றுவார்கள். சொல்லோ நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் வோஷ்ரூம், அமெரிக்காவில் ரெஸ்ட்ரூம், லண்டனில் ரொயிலற் அல்லது லூ, பாரிஸில் துவாலெற். கிடைக்கும் பதிலையும் கவனியுங்கள்: கடைக்காரரின் கை எந்தப் பக்கம் நீள்கிறது, சாவி கொடுக்கிறாரா, பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தைக் கதவில் அழுத்தச் சொல்கிறாரா, சில்லறை கேட்கிறாரா. உண்மையில் சொல்லைவிட இதுதான் அதிகம் உதவும். ஜேர்மனியில் மட்டும் கதவையும் பாருங்கள்: 'எச்' (H) என்ற எழுத்து இருந்தால் ஆண்கள், 'டி' (D) என்றால் பெண்கள்.

நம்முடைய கக்கூஸ் டச்சு மொழியிலிருந்து வந்ததுதான். அதற்காக நெதர்லாந்தில் போய் அதைச் சொல்லிவிடாதீர்கள், அங்கே அது கொச்சை.

விமான நிலையத்தில் இதெல்லாம் தேவையில்லை, படம் போட்ட பலகையே வழிகாட்டும். சுற்றுலாப் பயணிகள் குவியும் இடத்திலும் சரிவராது. முன்னால் நிற்பவரும் உங்களைப் போல வந்தவராக இருக்கலாம். சின்னப் பிள்ளையோ நீரிழிவுக்காரரோ கூட இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், தெரிந்த சொல்லில் உடனே கேளுங்கள்.