பழைய ஸ்டான்லி இழைப்புளியின் காலத்தை அறிய

அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் செய்த பழைய இரும்பு இழைப்புளி ஒன்று கைக்கு வந்தால், அதன் காலத்தை அலகிலுள்ள முத்திரையை மட்டும் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். தேயத் தேய மாற்றப்படும் உறுப்பு அது என்பதால், நூறாண்டு பழைய உடலில் பின்னாளைய அலகு பொருந்தியிருப்பது சாதாரணம். அலகைக் கழற்றிவிட்டு, அது சாய்ந்திருக்கும் இரும்புத் தாங்கிக்கும் பின்கைப்பிடிக்கும் இடையில், உடலின் வார்ப்பிலேயே பதிந்துள்ள காப்புரிமைத் தேதிகளைப் பாருங்கள். 1902ஆம் ஆண்டுக்குரிய இரண்டும் 1910ஆம் ஆண்டுக்குரிய ஒன்றுமாக மூன்று தேதிகள் இருந்தால், அது ஏறத்தாழ 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது என்று சேகரிப்பாளர்கள் கொள்கின்றனர். காப்புரிமைத் தேதி உற்பத்தித் தேதி அன்று. அதற்கு முன்னர் அக்கருவி செய்யப்பட்டிருக்க முடியாது என்பதற்கே அது சான்று. எழுத்துகள் அழுக்கில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் தூரிகையே போதும். உப்புத்தாளால் தேய்த்தால் துருவோடு பழைய கறுப்புப் பூச்சும், கூடவே விலையும், போய்விடும்.